முதல் தண்ணீர்

செவ்வாய்க்கிழமை நிரப்பிய புட்டிகள் வியாழக்கிழமைதான் வாய் திறக்கும். அதற்கு முன்னால் கெஞ்சினாலும் திறக்காது, மிரட்டினாலும் திறக்காது. கிருமிக்கு அவசரம் என்பதே கிடையாது. அவசரமெல்லாம் மனுஷருக்குத்தான்.

பாப்பா ஏழரை மணிக்கே பரிசோதனைக் கூடத்துக்கு வந்துவிட்டாள்.

வயது நாற்பத்திரண்டு. காதோரம் நரை. இருபது வருஷமாக ஊர்த் தண்ணீரையெல்லாம் சோதித்துச் சொல்கிற உத்தியோகம். இருந்தும் சின்ன வயதில் அண்ணன் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அண்ணி வந்தபோதாவது மாறும் என்று பார்த்தாள். அண்ணியும் பாப்பா என்றாள். ஒரு நாள் அண்ணி கூடத்துக்குப் போன் பண்ணி, "எங்க பாப்பா இருக்காளா?" என்று கேட்டுவைக்க, அன்றிலிருந்து அங்கேயும் அவள் பாப்பாதான்.

அந்த அண்ணிதான் இப்போது படுக்கையில் கிடக்கிறாள்.

ரத்தத்தில் புற்று. இரண்டாம் சுற்று மருந்து ஏறிய பிறகு உடம்பில் எதிர்த்து நிற்க ஓர் அணுகூட மிச்சமில்லை. அண்ணன் முப்பது வருஷமாகக் குழாய் மேஸ்திரியாக இருக்கிற அதே ஆஸ்பத்திரியில், ஆறாம் மாடியில், தனி அறை கொடுத்து வைத்திருந்தார்கள். முடி போயிற்று, சிரிப்பு போகவில்லை. பத்து நாள் முன்னால் காய்ச்சல் வந்தது. ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்த்ததில், ஈரத்தில் குடியிருக்கிற ஒரு கிருமி அகப்பட்டது. நல்ல உடம்புக்காரர்களை அது ஏறிட்டும் பார்க்காது. இடிந்த சுவராகப் பார்த்துத்தான் ஏறும்.

இது எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும், குழாய்களைச் சோதியுங்கள் என்று ஆறாம் மாடி டாக்டரம்மா திங்கட்கிழமை மாலை சொன்னாள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் பாப்பா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றாள். அண்ணனிடம் சொல்லவில்லை. மனுஷர் ராத்திரியெல்லாம் கட்டிலோரத்தில் விழித்திருந்து, அப்போதுதான் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். எழுப்ப மனசு வரவில்லை.

எட்டு அறைக் குழாயிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு, பதினாறு புட்டிகளோடு படி இறங்கினாள்.

ஒரு குழாய்க்கு இரண்டு புட்டி. ராத்திரி முழுக்க மூடிக் கிடந்த குழாயைத் திறந்ததும் வருகிற முதல் தண்ணீர் ஒன்றில். இரண்டு நிமிஷம் ஓடவிட்டு, அதன்பின் வருகிற தண்ணீர் மற்றொன்றில். குழாயின் வாயிலேயே கிருமி குடியிருந்தால் முதல் தண்ணீர் காட்டிக்கொடுக்கும். சுவருக்குள் ஓடுகிற நீளக் குழாயில் இருந்தால் இரண்டாவதும் சேர்ந்து காட்டிக்கொடுக்கும். வேலை இவ்வளவுதான். ஆனால் முதல் தண்ணீர் முதல் தண்ணீராக இருக்க வேண்டும். யாராவது ஒரு வாய் கொப்பளித்துவிட்டுப் போயிருந்தால்கூடக் கணக்கு கெட்டுவிடும்.

இன்குபேட்டர் கதவைத் திறந்தாள். அந்தத் தண்ணீரை ஊற்றிக் கிருமி வளரவிட்டிருந்த தட்டுகளை எடுத்து வெள்ளைத் துணியில் வரிசையாகப் பரப்பினாள்.

இரண்டாம் தண்ணீர்த் தட்டுகள் எட்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன.

முதல் தண்ணீர்த் தட்டுகளில் ஆறில் கிருமி பச்சையாக முளைத்திருந்தது. நாலைந்து இடத்தில் புள்ளி வைத்தது சில. அண்ணியின் மூன்றாம் நம்பர் அறைத் தட்டில் எண்ணுவதற்கு இடமே இல்லை. பாசி படிந்த தொட்டி மாதிரி ஒரே பரப்பாக இருந்தது.

அவள் அதையும் எண்ணப் பார்த்தாள். பழக்கம். பாதியில் பென்சிலைக் கீழே வைத்தாள்.

கூடத்துத் தலைவருக்குக் கண்ணாடி என்று பெயர். படிக்க ஒன்று, பார்க்க ஒன்று, தொலைத்ததைத் தேட ஒன்று என்று மூன்று வைத்திருப்பார். அவர் வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார். உறுதிப்படுத்தும் சோதனைக்கு இன்னும் இரண்டு நாள் ஆகும், அதற்குக் காத்திருக்க வேண்டாம், டாக்டரம்மாவுக்கு நான் போனில் சொல்கிறேன், நீ இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போய் நேரில் விவரம் சொல்லிவிடு என்றார். இருப்பிடமாவது தெரிந்ததே, அதுவே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி என்று தேறுதலும் சொன்னார்.

சொல்லிவிட்டுப் போகிறவர் நின்றார்.

"மூணு வருஷமா அந்த ஆஸ்பத்திரிக்கு நீதானேம்மா போறே? ஒரு தடவைகூட இது தலை காட்டலையா?"

"இல்லை சார்."

"அப்ப புதுசா வந்ததா இருக்கும்."

"அப்படித்தான் சார் இருக்கும்."

அவர் போன பிறகு பாப்பா பழைய கோப்பை எடுத்துப் பிரித்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மூன்று வருஷம், பன்னிரண்டு அறிக்கை. இரண்டாம் மாடி, நாலாம் மாடி, ஆறாம் மாடி. முதல் தண்ணீரும் பூஜ்யம், இரண்டாம் தண்ணீரும் பூஜ்யம். அப்படியொரு சுத்தம். வேறு ஆஸ்பத்திரிகளில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தரமாவது ஏதாவது ஒரு குழாய் வாலாட்டும். அண்ணன் குழாய்கள் ஆட்டியதில்லை. கூடத்தில் அதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொண்டவள்தான் அவள்.

ஒவ்வொரு அறிக்கையின் மேலும் ஒரு கட்டம். குழாய் கடைசியாகத் திறக்கப்பட்டது எப்போது? பொறுப்பாளரைக் கேட்டு எழுதவும்.

பன்னிரண்டு கட்டத்திலும் அவள் கையெழுத்து. முந்தின நாள் இரவு. முந்தின நாள் இரவு. கீழே அண்ணனின் கோணல் கையெழுத்து. அவள் எழுதுவதற்கு முன்னாலேயே அவர் போட்டுக் கொடுத்துவிடுவார். நீ எழுதினா சரியாத்தான் இருக்கும் என்பார். அவளும் கேட்டதில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் அண்ணனை நிற்கவைத்து என்ன விசாரணை?

பல்லிடுக்கில் துணுக்கு மாட்டிக்கொண்ட மாதிரி ஏதோ ஒன்று உறுத்தியது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று. கோப்பைப் பையில் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

*

ஆறாம் மாடி நடையில் பெஞ்சில் அண்ணன் மகள் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது. பரீட்சையை விட்டுவிட்டு மூன்று வாரமாக அம்மாவுக்குத் தாயாக இருக்கிறவள். அத்தையைப் பார்த்ததும் எழுந்து, கேட்காமலே வரிசையாக ஒப்பித்தாள். நேற்று மத்தியானத்திலிருந்து சிறுநீர் இறங்கவில்லை. முந்தின இரண்டு மருந்துக்கும் கிருமி அசைந்து கொடுக்கவில்லை. மூன்றாவது நேற்றிலிருந்து ஏறுகிறது. அதற்கு மேல் வேறு மருந்து இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

"கிருமி இருக்கற இடம் தெரிஞ்சிடுச்சாமே அத்தை. இனிமே அம்மாவுக்குக் குணமாயிடும்ல?"

"இடம் தெரிஞ்சா, இன்னும் போய்ச் சேராம பாத்துக்கலாம் குட்டி."

"நான் அதைக் கேக்கலை அத்தை."

பாப்பா மேலங்கியைக் கட்டிக்கொண்டு, முகத்தையும் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலடி கேட்டதும் திரும்பினாள். மூக்கின் மேலிருந்த காற்றுக் குவளையைக் கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பேச வேண்டுமென்றால் அப்படித்தான். ஒரு வாக்கியத்துக்கு ஒரு மூச்சு.

"வீட்டுல... குழம்பு வைக்கற இடத்துக் குழாய் ஆறு மாசமா ஒழுகுது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. வாளி வச்சிருக்கீங்களே."

"இங்க ஒரு சொட்டு ஒழுகாது. உங்க அண்ணனுக்கு மூத்த பொண்டாட்டி இந்த ஆஸ்பத்திரிதான். நான் சின்ன வீடு."

பாப்பா சிரித்தாள். முகமூடிக்குள் சிரிப்பது நல்லதுதான். வாய் எந்தப் பக்கம் கோணுகிறது என்று தெரியாது.

அண்ணி குவளையைக் கீழே விட்டு இரண்டு மூச்சு இழுத்துக்கொண்டாள். மறுபடி தூக்கினாள். "கிடைச்சுதா?"

"கிடைச்சுது. குழாய் மூக்குல உக்காந்திருக்கு."

"இந்த ரூம்லயா?"

"இந்த ரூம்லயும்."

அண்ணி மூலையில் இருந்த கைகழுவும் தொட்டியைப் பார்த்தாள். கோபமில்லை. தெருவில் எப்போதும் பார்க்கிற ஆள் திருடன் என்று தெரியவந்தால் பார்க்கிற பார்வை. பிறகு சொன்னாள்:

"அவர்கிட்ட பக்குவமா சொல்லு பாப்பா. வேலையில குறைன்னா அவருக்கு முகம் செத்துப்போயிடும்."

*

அண்ணன் அதற்குள் செய்தி தெரிந்து மேலே வந்துவிட்டார். பக்கத்தில் காலியாக இருந்த நாலாம் நம்பர் அறையில் ஸ்பேனரும் கையுமாக நின்றார். குழாயின் மூக்கிலிருக்கிற சல்லடை மூடியைத் திருகி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வழவழவென்று ஒரு படலம். விரலில் தொட்டுத் தேய்த்தார்.

தான் வளர்த்த பிள்ளை கடையில் திருடி மாட்டிக்கொண்ட மாதிரி அவர் முகம் இருந்தது.

எப்படி இதை விட்டேன் என்று தெரியவில்லை என்றார். சல்லடையைக் கழற்றிக் கழுவுவது தன் வேலைப் பட்டியலில் இல்லை, ஆனாலும் பட்டியலில் இருப்பதை மட்டுமா இத்தனை நாள் செய்தேன் என்றார். பாப்பா அவரைத் தேற்றினாள். அண்ணி சொன்ன பக்குவம் மனசில் இருந்தது. எல்லா ஆஸ்பத்திரியிலும் வருவதுதான், சமீபத்தில் எப்படியோ ஏறியிருக்கும், போன தடவை வரைக்கும் சுத்தமாகத்தானே இருந்தது என்றாள்.

அவர் தலையாட்டினார். பிறகு வருத்தமாக, குறையாக அல்ல, பாசமாகத்தான் கேட்டார்.

"செவ்வாக்கிழமை வர்றேன்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல பாப்பா?"

"தூங்கிட்டு இருந்தீங்கண்ணா."

"எழுப்பியிருக்கணும். எப்பவும் போல திறந்து விட்டு வச்சிருப்பேன்ல."

"எதை?"

"குழாயை."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் சல்லடையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"நீ முந்தின நாள் போன் பண்ணுவியே, நாளைக்கு வர்றேன், டீ வாங்கி வைங்கன்னு. நான் அஞ்சரைக்கே வந்துடுவேன். நீ பாக்கற மூணு மாடியிலயும் எல்லாக் குழாயையும் அஞ்சு நிமிஷம் நல்லாத் திறந்து விட்டு, மூக்கைத் துடைச்சு வச்சிடுவேன். ராத்திரி தேங்கினதைப் பிடிச்சுக் குடுத்தா உனக்கு என்ன மரியாதை? வீட்டுக்கு ஆள் வருதுன்னா கூட்டிப் பெருக்கி வைக்கறதில்லையா, அந்த மாதிரி."

"எத்தனை தடவை அப்படிப் பண்ணீங்க?"

"எல்லாத் தடவையும்தான்." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ஒரு தடவை எனக்கு நல்ல ஜுரம். அப்பகூட வந்தேன். நீ வந்துட்டுப் போனப்புறம்தான் லீவு போட்டேன்."

பாப்பாவின் கை பையிலிருந்த கோப்பைத் தேடியது.

பன்னிரண்டு கட்டங்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. முந்தின நாள் இரவு, முந்தின நாள் இரவு. இரண்டு புட்டியிலும் அவள் பிடித்தது இரண்டாம் தண்ணீர். மூன்று வருஷமாக அவள் இந்த ஆஸ்பத்திரியின் முதல் தண்ணீரைக் கண்ணாலேயே பார்த்ததில்லை. கிருமி சமீபத்தில் ஏறியதா, மூன்று வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறதா, யாருக்குத் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒரே ஒரு தடவை, கட்டத்தில் போட்டிருந்தபடி, அண்ணா, குழாய் கடைசியாக எப்போது திறந்தது என்று கேட்டிருந்தால், மனுஷர் ஒளிக்காமல் சொல்லியிருப்பார்.

அண்ணன் சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் முகத்தைக் கவனிக்கவில்லை. நர்ஸ் வந்து, டாக்டரம்மா இரண்டு பேரையும் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

*

டாக்டரம்மாவுக்கு உட்காரக்கூட நேரமில்லை. நின்றபடியே பேசினாள். இன்றைக்கே ஆறாம் மாடிக் குழாய்களை மூடிவிட வேண்டும். மாடியில் அண்ணியோடு சேர்த்து ஆறு நோயாளிகள். ஆறு பேருக்கும் ரத்தத்தில் பலமில்லை. மத்தியானத்துக்குள் எல்லோரையும் நாலாம் மாடிக்கு இறக்கிவிடலாம் என்று தீர்மானித்திருந்தாள். கையில் பேனாவும் கட்டில் நம்பர் எழுதுகிற தாளும் இருந்தன.

"நாலாம் மாடி போன மாசம் நீங்களே பாத்தது. சுத்தம்னு குடுத்திருக்கீங்க" என்றாள் பாப்பாவிடம்.

"நாலாம் மாடி லைன் தங்கம் டாக்டர். என் கையால போட்டது" என்றார் அண்ணன். பத்து நாளில் முதல் முறையாக அவர் குரலில் கொஞ்சம் உயிர் இருந்தது.

டாக்டரம்மா எழுதத் தொடங்கினாள்.

பாப்பாவின் மனசு ஓடாத இடமெல்லாம் ஓடியது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நாளைக்கு விடிகாலை யாருக்கும் சொல்லாமல் வந்து, நாலாம் மாடியில் முதல் தண்ணீர் எடுக்கலாம். சனி, ஞாயிறுக்குள் தெரிந்துவிடும். சுத்தமாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். அண்ணன் கடைசி வரை தெரியாமலே இருந்துவிடுவார். அண்ணி போனாலும், கிருமி கொண்டுபோயிற்று என்று அழுவார். அதோடு போகும்.

இரண்டு நாள். ஆறு பேர். அப்புறம் இரண்டாம் மாடி ஒன்று இருக்கிறது. அங்கே மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைகள் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் படுத்திருக்கின்றன. அவற்றைக் குளிப்பாட்டுகிற தண்ணீருக்கும் பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

பேனா மூன்றாவது கட்டில் நம்பருக்கு வந்தது.

"டாக்டர், அதை எழுதாதீங்க."

"எதை?"

"நாலாம் மாடின்னு." அவள் அண்ணன் பக்கம் திரும்பவில்லை. டாக்டரம்மாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது சுத்தமான்னு எனக்குத் தெரியாது. இந்த ஆஸ்பத்திரியில எந்த மாடியும் சுத்தமான்னு எனக்குத் தெரியாது. மூணு வருஷமா நான் முதல் தண்ணியே எடுக்கலை."

அண்ணன் குறுக்கிட்டார். "என்ன பாப்பா சொல்றே? நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேனே."

"நான் வர்றதை முன்கூட்டிச் சொல்லக் கூடாது டாக்டர். சொன்னேன். ராத்திரி குழாய் மூடியே இருந்துதான்னு கேக்கணும். கேக்காமலே எழுதினேன். நான் வர்றதுக்கு முன்னாடியே குழாயெல்லாம் திறந்து விட்டிருக்காங்க. மூக்கைத் துடைச்சிருக்காங்க. எனக்குக் கிடைச்சது ஓடி முடிஞ்ச தண்ணி. மறைஞ்சிருந்தது எதுவும் அதுல வராது."

"யார் திறந்து விட்டது?"

பாப்பா பொத்தானிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

ஸ்பேனரை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார் அண்ணன். "நான்தான்" என்றார். டாக்டரம்மா கேட்டதற்குச் சொன்ன பதில் மாதிரி இல்லை. தனக்குத்தானே சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது.

டாக்டரம்மா தாளைக் கவிழ்த்து வைத்தாள். "பச்சைக் குழந்தைங்க வார்டும் இதுல சேத்தியா?"

"சேத்திதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். இது இதுவரை எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டாள். நம் மூன்று பேருக்கு என்றாள் பாப்பா. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்தாக வேண்டும், நீங்களே உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள் என்றாள் டாக்டரம்மா. போனை எடுத்து, எல்லா மாடியிலும் நோயாளிகளுக்குக் குழாய்த் தண்ணீரை நிறுத்தச் சொன்னாள். குழந்தைகள் வார்டுக்குத் தானே நேரில் போகப் புறப்பட்டாள்.

வாசலில் அண்ணனைத் தாண்டும்போது நின்றாள். மேஸ்திரி என்றுதான் எப்போதும் கூப்பிடுவாள். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை.

"உங்க வீட்டம்மாவை இடம் மாத்தினாலும் மாத்தலைன்னாலும் பெரிய வித்தியாசம் வரப்போறதில்லை. உள்ள போனது போனதுதான். மத்த அஞ்சு பேருக்காகத்தான் மாத்த நினைச்சேன். இதையும் நான் மறைக்கக் கூடாதில்லையா."

*

மாடிப்படித் திருப்பத்தில் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். பாப்பா இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். சின்ன வயதில் அவர் செருப்பு வார் மாட்டிவிடும்போது இருவரும் உட்கார்ந்த மாதிரி, அவர் மேலே, இவள் கீழே. மேலும் கீழும் ஆட்கள் தண்ணீர் பாட்டில் பெட்டிகளைச் சுமந்துகொண்டு போகத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன், "என்ன மேஸ்திரி, குழாயெல்லாம் ஸ்டிரைக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தபடி ஏறினான்.

அவன் போனதும் அண்ணன் பேசினார்.

"போன வருஷம் எட்டாம் ரூம்ல ஒரு வாத்தியார் இருந்தாரே. என்னை எஞ்சினியர், எஞ்சினியர்னு கூப்பிடுவாரு."

"அண்ணா, வேண்டாம்."

"அவரு கடைசியில காய்ச்சல்லதான் போனாரு."

"காய்ச்சல் எதனாலயும் வரும். இதுவாத்தான் இருக்கணும்னு இல்லை."

"இது இல்லைன்னு சொல்லு."

அதற்குள் அவர் பேச்சு அடுத்த அறைக்குப் போயிற்று. ஒன்றாம் நம்பரில் இருந்த தையல்காரம்மா. கட்டிலில் உட்கார்ந்தபடியே நர்ஸ்களுக்கெல்லாம் ஜாக்கெட் ஓரம் அடித்துக் கொடுப்பாள். ஐந்தாம் நம்பரில் ஒரு டிரைவர். குழாய் சத்தம் போடுகிறது என்று புகார் சொல்லி, இவர் போய்ச் சரிசெய்து கொடுத்த மறு வாரம் போனார். குழாய்க்காரருக்கு எல்லா அறையும் தெரியும், எல்லா முகமும் தெரியும். அவர் சொல்லிக்கொண்டே போக, பாப்பா ஒவ்வொன்றுக்கும் தெரியாதுண்ணா, தெரியாதுண்ணா என்றாள்.

"பாதித் தப்பு என்னோடது" என்றாள். "நான் கேட்டிருக்கணும். கேக்கறதுதான் என் வேலை."

"தப்பைப் பாதி போட்டுக்கிட்டா என்ன, முழுசா போட்டுக்கிட்டா என்ன? படுத்திருக்கறது அவதானே."

அவர் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு கீழே போகிற படிகளைப் பார்த்தார். பிறகு, இதுவரை இருந்ததைவிட மெதுவான குரலில் சொன்னார்.

"வாயெல்லாம் புண்ணாயிருந்துச்சு அவளுக்கு. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கொப்பளிக்கணும்னு சொன்னாங்க. குட்டி பாட்டில் தண்ணி வாங்கப் போனா. நான்தான் தடுத்தேன். எதுக்கும்மா பாட்டிலு, இந்தக் குழாய்லயே பிடி, உங்க அத்தையே சுத்தம்னு எழுதிக் குடுத்திருக்கான்னேன்."

தன் கையெழுத்து இத்தனை தூரம் நடந்து போய் அண்ணியின் வாய்க்குள் இறங்கியிருக்கும் என்று பாப்பா நினைத்துப் பார்க்கவில்லை.

"குட்டிதான் பிடிச்சுப் பிடிச்சுக் குடுத்தா. ராத்திரி ரெண்டு மணிக்கும் எழுந்து குடுத்தா."

"அவகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்கண்ணா. கொஞ்ச நாள் போகட்டும்."

"டாக்டரம்மா திரும்பி வந்ததும் அவளைத்தான் கேப்பாங்க, எந்தத் தண்ணி குடுத்தேன்னு. அவ வெகுளியா குழாய்த் தண்ணின்னு சொல்லுவா. அப்ப அவங்க முகத்தைப் பாத்துத் தெரிஞ்சுக்கணுமா என் பொண்ணு?" அவர் எழப் பார்த்தார். பாப்பா கை கொடுத்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார். "நானே சொல்லிடறேன். நீ இங்கயே இரு."

நடைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் கண்ணாடிக் கதவு. அது மூடிக்கொண்டதும் சத்தம் எதுவும் கேட்கவில்லை. பாப்பா இந்தப் பக்கம் நின்று பார்த்தாள்.

அண்ணன் பெஞ்சில் மகள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளில் கை வைத்தார். பேசினார். மகள் முதலில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். சுருக்கமாகச் சொல்லத் தெரியாத மனுஷர். குழாயின் மூக்கு, சல்லடை, விடிகாலை ஐந்தரை, எல்லாவற்றையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார்.

மகள் அழவில்லை. அவர் பேசி முடிக்கும் வரை காத்திருந்தாள். முடிந்ததும் தோளில் இருந்த அவர் கையை எடுத்து, அவர் மடியிலேயே வைத்தாள். கோபமாக வீசவில்லை. அடுத்தவர் பொருளைத் திருப்பி வைக்கிற மாதிரி வைத்தாள். பிறகு எழுந்து பெஞ்சின் மறுகோடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அங்கிருந்து கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அத்தை நிற்பது அவளுக்குத் தெரிந்தது. பார்வையை எடுக்கவில்லை. பாப்பா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கதவோரத்திலேயே நின்றாள்.

மூன்றாம் நம்பர் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். குரலில் அவசரம் இருந்தது.

"மூணாம் நம்பருக்கு யாரு இருக்கீங்க? ஒருத்தர் உள்ள வாங்க."

மூன்று பேர் இருந்தார்கள். யாரும் முதலில் நகரவில்லை.